சிக்னல் வந்துவிட்டது, ஆள் எங்கே?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

'வளரும் நாடுகளின் முன்னேற்றத்துக்குத் தகவல் தொழில்நுட்பத்தில் பெரிதும் கைகொடுப்பது கருவியா, அந்தக் கருவிக்கும் மக்களுக்கும் நடுவில் நிற்கும் ஆளா?' இதுதான் தலைப்பு. நான் ஆள் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு பழமொழி சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான், அந்தப் பூசாரியை ஒழித்துக்கட்டியதுதான் மொபைல் என்றார். நானும் தட்டினேன். நன்றாக இருந்தால் தட்டத்தானே வேண்டும்? ஆனால் அவர் காட்டிய இரண்டு உதாரணங்களிலும் பூசாரி உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறார். நண்பர் கர்ப்பகிரகம் வரை போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் உதாரணம், கென்யாவின் எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவை. 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற தொலைபேசி நிறுவனம் தொடங்கியது. வங்கிக் கணக்கே இல்லாதவர்கள்கூட மெசேஜ் அனுப்புவதுபோல் பணம் அனுப்பினார்கள். எல்லாம் உண்மை. நகரத்தில் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய பணம் கிராமத்தில் இருக்கும் தாயின் மொபைலில் ஓர் எண்ணாக வந்து நிற்கிறது. அந்த எண்ணைப் போட்டு உலை கொதிக்குமா? அதை நோட்டாக மாற்றிக் கையில் கொடுக்க ஒருவர் வேண்டும். அவருக்கு ஏஜென்ட் என்று பெயர். பெரும்பாலும் ஒரு சின்னக் கடைக்காரர். ஒரு பக்கம் மொபைல் கணக்கில் இருப்பு வைத்திருக்க வேண்டும், மறுபக்கம் பெட்டியில் ரொக்கமும் வைத்திருக்க வேண்டும். இரண்டில் எது தீர்ந்தாலும் அன்றைக்கு வியாபாரம் நின்றது. ரொக்கம் தீர்ந்தால் வங்கிக்கு ஓட வேண்டும். ரகசிய எண்ணை எங்கே அழுத்துவது என்று கேட்டு வரும் பெரியவருக்குப் பத்தாவது தடவையும் முகம் சுளிக்காமல் சொல்லிக் கொடுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் கருவி எது என்று நண்பர் சொல்லட்டும்.

நண்பர் ஒரு எண்ணும் சொன்னார். தவ்நீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, எம்-பெசாவால் கென்யாவில் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மேலே வந்தன. கென்யக் குடும்பங்களில் 2 சதவீதம். எண் சரிதான். ஆனால் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை நண்பர் விட்டுவிட்டார். ஒரு வீட்டைச் சுற்றி எத்தனை ஏஜென்ட்கள் புதிதாக வந்தார்கள் என்று பார்த்தார்கள். ஏஜென்ட்கள் நெருக்கமாக வந்த இடத்தில் வாழ்க்கை மாறியிருந்தது. ஐயா, அது என் அணியின் சாட்சி. தெரியாமல் உங்கள் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள்.

இடையில் ஒன்று. இந்த எம்-பெசா முதலில் பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி உதவிப் பணத்தோடு சோதிக்கப்பட்டபோது, அதன் நோக்கம் சிறுகடன் தவணையை மொபைலில் கட்ட வைப்பது. மக்கள் அதைக் கையில் வாங்கி, ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். நிறுவனம் அதைக் கவனித்துத் திட்டத்தையே மாற்றியது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதியே இதுதான்.

இரண்டாவது உதாரணம், கேரளக் கடற்கரை. 1997-க்குப் பிறகு அங்கே மொபைல் வந்ததும் மீனவர்கள் கடலில் இருந்தபடியே விலை கேட்டு, நல்ல விலை கிடைக்கும் கரைக்குப் படகைத் திருப்பினார்கள். பொருளியல் அறிஞர் ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட கணக்குப்படி மீனவருக்கு லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது, வீணாகும் மீன் அநேகமாக இல்லாமலே போனது. ஒப்புக்கொள்கிறேன், இது எதிரணியின் பலமான அடி. அங்கே யாரும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை, மானியமும் கொடுக்கவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. கடலிலிருந்து போன அழைப்பை எடுத்தது யார்? கரையில் மீன் வாங்குபவர். அவர் சொன்ன விலையை நம்பித்தான் படகு திரும்பியது. மொபைல் பேச்சைக் கொண்டுபோனது. பேச்சு நம்பத் தகுந்ததாக இருந்தது யாரால்?

சரி, இப்போது ஆள் இல்லாத இடத்துக்குப் போவோம்.

2005 நவம்பரில் துனிஸ் நகரில் ஐ.நா.வின் தகவல் சமூக மாநாடு. 'குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தின் நிக்கோலஸ் நெக்ரோபொன்டே, 100 டாலர் விலையில் ஒரு லேப்டாப் வரப்போகிறது என்று மாதிரியைக் காட்டினார். மின்சாரம் இல்லாத ஊரிலும் கைப்பிடியைச் சுற்றினால் ஓடும் என்றார்கள். ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் சுற்றினார். கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. நான் கேலி செய்யவில்லை, மாதிரி என்றால் கழலும். கைப்பிடியை அப்புறம் கைவிட்டார்கள், 100 டாலர் விலையும் நிற்கவில்லை. அதையும் விடுங்கள். குழந்தையின் கையில் கொடுத்துவிட்டால் தானே கற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கை மட்டும் கழலவில்லை, அதுதான் சிக்கல்.

பெரு நாடு இந்த லேப்டாப்பை 8 லட்சத்துக்கும் மேல் வாங்கியது. அமெரிக்க நாடுகளுக்கு இடையிலான வளர்ச்சி வங்கி 319 கிராமப்புறப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012-ல் முடிவைச் சொன்னது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் இல்லை. சிந்திக்கும் திறனைப் பார்க்கும் சோதனைகளில் கொஞ்சம் நன்மை தெரிந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒரு நாடு இவ்வளவு பணம் கொட்டியது அதற்கா? ஆசிரியர் பாடத்தை எப்படி இந்தப் பெட்டியோடு சேர்ப்பது என்று அவருக்குத் துணை நின்றவர்கள் குறைவு. பெரும்பாலான பள்ளிகளில் இணையமும் இல்லை. பெட்டி வந்து சேர்ந்தது, ஆசிரியர் பழைய இடத்திலேயே நின்றார்.

இன்னொரு கணக்கு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 அறிக்கைப்படி, உலகில் அந்த ஆண்டு 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். கோபுரம் நட்டால் சரியாகிவிடும் என்பார் நண்பர். அதே ஒன்றியத்தின் கணக்கில், மொபைல் இணையச் சிக்னல் 100-ல் 95 பேருக்கு மேல் ஏற்கெனவே எட்டிவிட்டது. அதாவது வெளியே இருப்பவர்களில் பெரும்பாலோர் தலைக்கு மேலேயே சிக்னல் போய்க்கொண்டிருக்கிறது. காசு ஒரு தடை, ஆமாம். ஆனால் எழுத்துத் தெரியாமை, தன் மொழியில் எதுவும் கிடைக்காமை, வீட்டுப் பெண் கையில் போன் கொடுக்காத குடும்பம், இதற்கெல்லாம் எந்தக் கோபுரத்தில் ஏறி நின்று பதில் சொல்வது?

1997-ல் பங்களாதேஷில் கிராமின் திட்டத்தில் கடன் வாங்கி ஒரு பெண் மொபைல் வாங்கினார், ஊருக்கே அழைப்பு விற்றார். ஒரு போன், ஒரு பெண், ஒரு ஊர். அங்கே போனைத் தேடி யாரும் போகவில்லை, அந்த அம்மாவைத் தேடிப் போனார்கள்.

புதுச்சேரி நல்லவாடு மீனவர் கிராமத்தையும் சொல்ல வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் வைத்திருந்தது. கடல் அலை நிலவரத்தை இணையத்தில் எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். அந்த எச்சரிக்கை மைய ஒலிபெருக்கியில் ஏறியது, ஊர் ஓடித் தப்பித்தது. போன் இல்லாமல் இது நடந்திருக்காது, மறுக்கவில்லை. ஆனால் இணையத்தில் அன்று சுனாமி எச்சரிக்கை எதுவும் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஊர் நினைப்போடு ஒருவர் இருந்தார், ஒலிபெருக்கியில் சொன்னால் ஊர் கேட்கும் என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

நடுவில் நிற்கும் ஆள் திருடினால்? எதிரணி கட்டாயம் கேட்கும். திருடுவார்தான். கட்டணத்துக்கு மேல் பிடுங்கும் ஏஜென்ட்டும் உண்டு. ஆனால் அவருடன் நேரில் போய்ச் சண்டை போடலாம். 'உங்கள் விவரம் பொருந்தவில்லை' என்று காட்டும் திரையுடன் எப்படிச் சண்டை போடுவது? செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி ஆளே வேண்டாம் என்றும் சொல்வார்கள். அது தப்பாகச் சொன்ன மருந்தை வயலில் அடித்து விளைச்சல் போனால், விவசாயி யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்?

மணி அடித்துவிட்டது நடுவர் அவர்களே, உட்கார்ந்துவிடுகிறேன். அடுத்து வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு வேலை. கருவியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், அதற்கப்புறம் அந்த இடம் தானாக முன்னேறியது என்று ஓர் இடத்தைப் பெயரோடு சொல்லுங்கள். பெரு மட்டும் வேண்டாம், அதை நான் எடுத்துக்கொண்டேன்.