மருந்துச் சரையில் எழுதவேண்டிய தமிழ்

வணக்கம் நேயர்களே.

வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்துக்காரர். 1847இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியம் செய்தார், வைத்தியம் படிப்பித்தார். மானிப்பாய் வைத்தியரைத் திருகோணமலையில் இருந்து ஏன் நினைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் தென்னமரவடியிலும் தனித்திருக்கிற ஆச்சிமாருக்கும் அப்புமாருக்கும் இன்று தேவைப்படுவது அவர் தொடங்கிவைத்த வேலைதான்.

தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியே போனார்கள். கிராமம் வைத்தியரில்லாமல் கிடந்தது. 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். தமிழில் படித்தவன் தன் ஊரில் நிற்பான், அவன் சொல்வது நோயாளிக்கு விளங்கும் என்று அவர் நம்பினார். பாடநூல் இல்லாததால் மொழிபெயர்க்க இறங்கினார். 4,000 பக்கங்களுக்கு மேல் தமிழில் வந்தன. சத்திர சிகிச்சைக்கு ‘இரண வைத்தியம்’ 1867இல் வெளியானது. 1873இல் ஊர் திரும்பிய பிறகும் அவர் விடவில்லை. இரசாயன நூலான ‘கெமிஸ்தம்’ 1875இல் வந்தது. அந்தப் பெயரை இன்று யாரும் வழங்குவதில்லை. ஆனாலும் தமிழில் சொல் இல்லையே என்று அவர் பாடத்தை நிறுத்தவில்லை. அவரிடம் நான் பெரிதும் மதிப்பது அதைத்தான். அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் 60 பேருக்கு மேல். 1884இல் காலமானார். தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்று தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னார்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. முன்பு ‘பாதை’ என்ற மிதவையேறிக் கடந்த நீரை இப்போது முச்சக்கர வண்டியில் கடக்கிறோம். கிளினிக்குக்குப் போய்வருவது அவ்வளவுக்கு இலகுவாகிவிட்டது. மருந்தோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் இடறுகிறது.

குளிசை போட்டுத்தரும் கடதாசிச் சரையில் இருப்பது பெரும்பாலும் ஆங்கில மருந்துப் பெயரும் இலத்தீன் சுருக்கெழுத்தும். ஆச்சி நிறத்தை வைத்து ஞாபகம் வைப்பா: வெள்ளை காலையில், மஞ்சள் இரவில். அடுத்த மாதம் வேறு கம்பனியின் குளிசை வந்தால் நிறம் மாறிவிடும். அதே மருந்து ஆஸ்பத்திரியில் ஒரு பெயரிலும் கடையில் இன்னொரு பெயரிலும் கிடைக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே வீட்டிலுள்ள எல்லாக் குளிசையையும் சரையோடேயே ஒரு பாயில் பரப்புங்கள்; பழைய சரை, அலுமாரிக்குள் கிடப்பது, பக்கத்து வீட்டார் தந்தது எல்லாம். ஒவ்வொன்றுக்கும் தடித்த பேனையால் பெரிய எழுத்தில் நான்கு விடயம் எழுதுங்கள்: எந்த வருத்தத்துக்கு, எத்தனை, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. வாசிக்கத் தெரியாதவருக்குச் சூரியனும் நிலாவும் கீறினால் போதும். சிறுநீர் போக்கும் குளிசையை வைத்தியர் காலையில் எழுதியிருந்தால் காலையிலேயே கொடுங்கள். மாலைக்குத் தள்ளினால் இரவு முழுக்க எழுந்து நடக்கவேண்டி வரும், விழுவார்.

விழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரஷர் குளிசை, அதிலும் பிரசோசின் என்ற குளிசை எடுப்பவர்களுக்கு, எழுந்து நிற்கும்போது அழுத்தம் திடீரென்று இறங்கலாம். இருத்திவைத்து மட்டும் அளந்தால் இது பிடிபடாது. 5 நிமிடம் படுக்கவைத்து அளந்து, எழுப்பி நிற்கவைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் திரும்ப அளக்க வேண்டும். மேல் எண் 20ஆவது கீழ் எண் 10ஆவது குறைந்திருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம். அதுவரை கட்டில் விளிம்பில் சற்று நேரம் காலைத் தொங்கவிட்டு இருந்து, பிறகு எழும்பச் சொல்லுங்கள்.

சீனி வருத்தத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது விரத நாள். கிளிக்ளசைட் போன்ற குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி 70 mg/dLக்குக் கீழே இறங்கிவிடலாம். இளையவருக்கு வியர்க்கும், நடுங்கும். முதியவருக்கு அது தெரியாமலே போகலாம். சம்பந்தமில்லாமல் கதைப்பார், வீட்டாளை அடையாளம் தெரியாது. அறளை பெயர்ந்துவிட்டது என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடாதீர்கள். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் 3 தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பச் சோதியுங்கள். ஏறாவிட்டால் மறுபடி கொடுங்கள், ஏறியதும் சோறோ பாணோ கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். தெளிந்தவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், குளிசையின் வேகம் உடம்பில் இருக்கும்வரை சீனி திரும்ப இறங்கலாம். விரதம் பிடிக்கிறவர் அதற்கு முந்திய கிளினிக்கிலேயே அதைச் சொல்லி அளவைக் கேட்டுக்கொள்வது நல்லது.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினுக்கு மண்பானை உதவும். பெரிய பானைக்குள் சிறிய பானை, இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி. போத்தலைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே வைத்து, மணலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் பானை நன்றாகக் குளிரும். வாடைக்கால மழை ஈரத்தில் அவ்வளவு குளிராது, அதனால் நிழலும் காற்றும் உள்ள மூலையில் வைக்க வேண்டும். திறந்த போத்தலில் திகதி எழுதி 4 வாரத்தில் மாற்றிவிடுங்கள். ஐஸ்கட்டியில் பட்டு உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது, அதை எறிந்துவிடுங்கள்.

முழங்கால் நோவுக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபெனக்கையும் அந்தப் பாயில் தேடிப் பாருங்கள். பிரஷர் குளிசையோடு நாட்கணக்கில் சேர்ந்தால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். பாயில் கண்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் மடித்துவைத்து, அடுத்த கிளினிக்குக்கு ஆச்சியோடு கூடப் போகிறவரின் கையில் கொடுத்துவிடுங்கள்.