ஷ்ட்ரோபெலேவுக்கு விழுந்த ஓட்டு யாருடையது?

நடுவர் அவர்களே, வணக்கம். 'தொகுதியை வெல்வது கட்சியா, வேட்பாளரா?' என்பது தலைப்பு. வேட்பாளரே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, ஜெர்மனியில் பெர்லின் நகரத்து க்ரொய்ட்ஸ்பெர்க் தொகுதியை எடுத்துக்கொண்டு, "அது பசுமைக் கட்சியின் கோட்டை, அங்கே யார் நின்றாலும் ஜெயிப்பார்" என்றார். நல்லவேளை, அந்தத் தொகுதியைத்தான் நானும் கையில் வைத்திருக்கிறேன்!

முதலில் அது என்ன ஊர் என்று பார்ப்போம். தொகுதியின் முழுப்பெயரைச் சொன்னால் என் நேரம் முடிந்துவிடும், அதனால் சுருக்கமாக: பெர்லின் சுவர் நின்ற காலத்தில் மேற்கு பெர்லினில் இருந்த க்ரொய்ட்ஸ்பெர்க், கிழக்கில் இருந்த ஃப்ரீட்ரிஷ்ஹைன், கூடவே ப்ரென்ஸ்லவர் பெர்க்கின் கிழக்குப் பகுதி. இவற்றைச் சேர்த்து 2002 தேர்தலுக்காக உருவாக்கிய தொகுதி. நடுவில் ஷ்ப்ரே ஆறு, மேலே ஓபர்பௌம் பாலம். இரண்டு நாடுகளாக இருந்தவர்கள் ஒரே தொகுதியில் ஓட்டுப் போட வந்தார்கள்.

அப்புறம் அங்கே ஓட்டுச் சீட்டில் இரண்டு பத்தி. இடது பக்கம் வேட்பாளருக்கு, வலது பக்கம் கட்சிக்கு. நம் பட்டிமன்றத் தலைப்பையே சீட்டில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள், நடுவர் அவர்களே!

சரி, 2002க்கு வருவோம். ஹான்ஸ்-கிறிஸ்டியான் ஷ்ட்ரோபெலே, பசுமைக் கட்சி எம்.பி., வயது 63, வழக்கறிஞர், சைக்கிளிலேயே சுற்றுகிற மனிதர். முந்தைய ஆண்டு நவம்பரில் ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்புவதைத் தன் மீதான நம்பிக்கை வாக்கெடுப்போடு முடிச்சுப் போட்டார் பிரதமர் ஷ்ரோடர். பசுமைக் கட்சியும் அந்த அரசில் பங்காளி. இவரோ எதிர்த்து ஓட்டுப் போட்டார். வலது பக்க ஓட்டில் கட்சிக்குக் கிடைக்கும் இடங்களுக்குக் கட்சியே வரிசைப்படுத்தும் பெயர்ப் பட்டியல் ஒன்று உண்டு. அடுத்த தேர்தலில் அந்தப் பட்டியலில் இவருக்கு ஜெயிக்கக்கூடிய இடம் கிடைக்கவில்லை. அக்கா சொல்கிற அந்தக் கோட்டை, அன்றைக்கு இவருக்குக் கதவைச் சாத்தியது.

மனிதர் வீட்டில் உட்காரவில்லை. தொகுதியில் நேராக நின்றார். தன் கட்சியின் முன்னணி முகமும் வெளியுறவு அமைச்சருமான யோஷ்கா ஃபிஷரையே வம்புக்கு இழுத்து ஒரு கோஷம் வைத்தார். ஜெர்மனில் அது எதுகையோடு வரும். நம் வாயில் சொன்னால், "ஷ்ட்ரோபெலேவுக்கு ஓட்டு, ஃபிஷருக்கு வேட்டு!" சொந்தக் கட்சியின் முன்னணி முகத்தையே வாட்டுவேன் என்று சொல்லியே ஓட்டுக் கேட்டவரைக் கட்சி ஜெயிக்க வைத்தது என்றால், அக்கா, கொஞ்சம் நியாயம் வேண்டாமா?

சுமார் 32 சதவீதம் வாங்கி ஜெயித்தார். 1983இலேயே நாடாளுமன்றத்துக்குள் வந்துவிட்ட கட்சி அது. ஆனால் ஒரு தொகுதியைக்கூட நேரடியாக வென்றதில்லை, இவர்தான் முதல் ஆள். 2005இல் 43, 2009இல் ஏறத்தாழ 47, 2013இல் சுமார் 40. அந்த 2013இல் வலது பத்தியைப் பாருங்கள்: அதே தொகுதியில் பசுமைக் கட்சி முதலிடத்தில்கூட இல்லை. ஒரே மக்கள், ஒரே சீட்டு. இடது பக்கம் இவரைத் தேடிப் பேனா வைத்த கை, வலது பக்கம் வேறு இடத்துக்குப் போனது.

"2017இல் அவர் நிற்காதபோதும் பசுமைக் கட்சிதானே ஜெயித்தது?" என்று கேட்டார்கள். ஜெயித்தது, ஒப்புக்கொள்கிறேன். அந்த ஊரின் சுபாவமும் அந்தக் கட்சிக்கு ஒத்துப்போவது உண்மை. ஆனால் இவருக்குப் பதிலாக அந்தக் கட்சி நிறுத்திய ஜனான் பைராம் வாங்கியது சுமார் 26 சதவீதம். இடதுசாரிக் கட்சியின் பாஸ்கல் மைசர் மூச்சுக்காற்று படும் தூரத்தில் வந்துவிட்டார். 2025இல் பைராமும் நிற்கவில்லை, அதே மைசர் தொகுதியைத் தட்டிக்கொண்டு போனார்.

கடைசியாக, 2025 முதல் புதுச் சட்டம் வந்ததையும் எதிரணி சொன்னது. தொகுதியில் முதலில் வந்தாலும் கட்சி ஓட்டு போதவில்லையென்றால் இடம் இல்லை. அப்படி 23 பேர் ஜெயித்தும் உள்ளே போக முடியவில்லை. வாஸ்தவம்தான். ஆனால் அந்த 23 பேர் தொகுதியில் முதலிடம் வந்தார்களா இல்லையா? வென்ற பிறகு சட்டம் வாசலில் நிறுத்தியதை, கட்சி வென்ற கணக்கில் எழுதலாமா?

மணி அடித்துவிட்டார்கள். எதிரணியில் அடுத்து வருகிறவர் வேறு எதுவும் சொல்ல வேண்டாம், கட்சி மாறாத, தெரு மாறாத தொகுதியில் 40 எப்படி 26 ஆனது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரட்டும்.