தன்னார்வக் கணினிகளும் தொலையும் தரவும்: எதைக் காப்பது, எதை விட்டுவிடலாம்

[திரை: கறுப்புப் பின்னணி. 2-இன் 74,207,281-ஆம் அடுக்கு, அதிலிருந்து 1 கழித்தது என்று எழுத்துகள் தோன்றுகின்றன]

2015 செப்டம்பர் 17. அமெரிக்காவின் மத்திய மிசூரி பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் கர்ட்டிஸ் கூப்பர் பொறுப்பில் இருந்த ஒரு கணினி, அதுவரை மனிதர் அறிந்தவற்றில் மிகப் பெரிய பகா எண்ணைக் கண்டுபிடித்தது. 2 கோடியே 23 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண். கணினி தன் கடமையைச் சரியாகவே செய்தது. முடிவை, பகா எண்களைத் தேடும் ஜிம்ப்ஸ் என்ற திட்டத்தின் தலைமை சர்வருக்கு அனுப்பிவிட்டது. அங்கிருந்து நிர்வாகிகளுக்குத் தானாக ஒரு மின்னஞ்சல் போயிருக்க வேண்டும். மென்பொருள் கோளாறு ஒன்றினால் போகவில்லை.

2016 ஜனவரி 7 அன்று, வழக்கமான தரவுத்தளப் பராமரிப்பின்போதுதான் அந்த வரி ஒருவர் கண்ணில் பட்டது. அதையே கண்டுபிடிப்பு நாளாக அறிவித்தார்கள். ஏறத்தாழ நான்கு மாதங்கள், ஓர் உலக சாதனை யாரும் படிக்காத ஒற்றை வரியாக ஒரு தரவுத்தளத்தில் கிடந்தது. இடையில் அந்தத் தரவுத்தளம் கெட்டு, பழைய பேக்கப்பை வைத்துச் சமாளித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

[திரை: பெங்களூர் வரைபடம், அல்சூர், கே.ஆர்.புரம், சிவாஜி நகர் ஆகிய இடங்களில் புள்ளிகள் ஒளிர்கின்றன]

வணக்கம். பெங்களூரில் இருந்து பேசுகிறேன். இந்த ஊரில் நம் தமிழ்க் குடும்பங்களில் கணினி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவற்றில் பல, நாளின் பெரும்பகுதி சும்மாவே இருக்கின்றன. அந்தச் சும்மா நேரத்தை அறிவியலுக்குக் கொடுப்பதுதான் தன்னார்வக் கணிமை. 1996-இல் தொடங்கிய ஜிம்ப்ஸ் பகா எண்களைத் தேடுகிறது. 1999 மே மாதம் தொடங்கிய செட்டி அட் ஹோம் வானொலி அலைகளில் வேற்றுலக அறிகுறியைத் தேடியது. 2000-இல் வந்த ஃபோல்டிங் அட் ஹோம் புரதங்கள் மடிவதைக் கணிக்கிறது. செட்டி திட்டத்திலிருந்து பிறந்த பாயிங்க் என்ற பொது மென்பொருளில் இன்று பல திட்டங்கள் ஓடுகின்றன.

என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "பாதிக் கணக்கில் மின்சாரம் போனால், ஹார்டு டிஸ்க் செத்தால், அத்தனை நாள் உழைப்பும் வீணா?" நியாயமான கவலை. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு கோடை மழை, ஒரு மரக்கிளை போதும். நம் தெருவே இருண்டுவிடுகிறது. ஆனால் இந்தக் கவலை தவறான இடத்தில் நிற்கிறது என்பது என் கருத்து. உங்கள் கணினி சாவதை இந்தத் திட்டங்கள் முதல் நாளிலேயே எதிர்பார்த்துவிட்டன.

[திரை: ஒரு சர்வர், அதிலிருந்து இரண்டு வீட்டுக் கணினிகளுக்கு ஒரே வேலை போகிறது]

எப்படி என்று பாருங்கள். பாயிங்க் திட்டங்கள் பலவற்றில் ஒரே வேலை இரண்டு கணினிகளுக்குப் போகிறது. இரண்டு விடைகளும் ஒத்துப்போனால்தான் ஏற்கப்படும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் விடை வராவிட்டால் சர்வர் யாரையும் விசாரிப்பதில்லை. அதே வேலையை மூன்றாவது ஆளுக்கு அனுப்பிவிடுகிறது. அல்சூரில் தொலைந்த கணக்கு ஆஸ்திரேலியாவில் முடிந்துவிடும். அறிவியலுக்குச் சேதமில்லை. உங்களுக்குப் போனது மின்சாரமும் நேரமும்.

ஃபோல்டிங் அட் ஹோமில் சற்றுக் கூடுதல் வலி உண்டு. அங்கே ஒரு வேலை என்பது புரதத்தின் அசைவில் ஒரு சிறு துண்டு. அது முடிந்த இடத்தில்தான் அடுத்த துண்டு தொடங்க முடியும். நீங்கள் திருப்பித் தராவிட்டால் அந்தச் சங்கிலி மட்டும் உங்கள் கெடு முடியும்வரை காத்து நிற்கும். தாமதம்தான், இழப்பில்லை.

இடையில் மின்சாரம் போனாலும் முழுக் கணக்கும் போவதில்லை. நிரல் அவ்வப்போது தான் நிற்கும் இடத்தை வட்டில் எழுதிவைக்கிறது. இதைச் செக்பாயின்ட் என்பார்கள். பாயிங்க் இயல்பாகக் கேட்பது 60 விநாடிக்கு ஒருமுறை. ஆனால் எப்போது எழுதுவது என்பது அந்தந்த நிரலின் கையில். ஜிம்ப்ஸின் பிரைம் 95 என்ற நிரல் இயல்பாக அரைமணிக்கு ஒருமுறை எழுதுகிறது. எழுதும் அந்தக் கணத்திலேயே மின்சாரம் போய்க் கோப்பு அரைகுறையானால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பாயிங்க் தன் நிலைக் கோப்பின் முந்தைய பிரதியைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. புதியது கெட்டால் பழையதிலிருந்து எழுந்துகொள்ளும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: செக்பாயின்ட் என்பது பேக்கப் இல்லை. அது இருப்பதும் அதே வட்டில்தான். வட்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

[திரை: கோப்புறை ஒன்று பென்டிரைவுக்கு நகலாகிறது, மேலே "முதலில் நிறுத்துங்கள்"]

அப்படியானால் பாயிங்க் கோப்புறையை நகலெடுத்து வைக்கலாமா? சில நாட்களில் முடியும் வேலைகளுக்கு, வேண்டாம் என்பேன். 2003-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய கிளைமேட்பிரடிக்ஷன் போன்ற திட்டங்களில் நிலைமை வேறு. அங்கே ஒரு காலநிலை மாதிரி வாரக்கணக்கில், ஒரு காலத்தில் மாதக்கணக்கில்கூட ஓடியது. இடைக்கால விடைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் ஏற்பாடு உண்டு; இருந்தும் தன்னார்வலர்கள் தங்கள் தரவுக் கோப்புறையை நகலெடுத்து வைப்பது வழக்கமாக இருந்தது.

நகலெடுப்பதென்றால் முதலில் பாயிங்கை முழுமையாக நிறுத்துங்கள். சாளரத்தை மூடினால் போதாது. பின்னணியில் ஓடும் நிரலும் நிற்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலில் ஒரு கோப்பு இந்த நிமிடத்தையும் இன்னொன்று அடுத்த நிமிடத்தையும் காட்டும். இன்னொரு சிக்கல் பலருக்கும் தெரிவதில்லை. உங்கள் கணினி சர்வரோடு பேசும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரிசை எண் ஏறுகிறது. பழைய நகலை மீட்டால் அந்த எண் பின்னுக்குப் போகிறது. சர்வர் இதை, "யாரோ ஒரு கணினியின் கோப்பை இன்னொன்றில் நகலெடுத்திருக்கிறார்கள்" என்று எடுத்துக்கொண்டு உங்களைப் புதிய கணினியாகப் பதிவு செய்துவிடும். நகலுக்குப் பிறகு நீங்கள் முடித்து அனுப்பிய வேலைகள் மீண்டும் உங்கள் பட்டியலில் வந்து நிற்கும். அவற்றை மறுபடி ஓட்டுவது வெறும் மின்சாரச் செலவு.

ஜிம்ப்ஸ் பக்கம் இது எளிது. சேமிப்புக் கோப்பையும் வேலைப் பட்டியல் கோப்பையும் ஒரு பென்டிரைவில் போட்டுவைத்தால் போதும். அதே நகலை இரண்டு கணினிகளில் ஓட்டாதீர்கள். 2020-க்குப் பிறகு அங்கே ஒரு நல்ல மாற்றமும் வந்தது: கணக்கோடு சேர்த்து ஒரு சான்றுக் கோப்பும் உருவாகிறது. அது சர்வரைச் சென்றடைந்தால், முன்பு இன்னொருவர் முழுக் கணக்கையும் மீண்டும் போட்டுச் சரிபார்த்ததற்குப் பதிலாக மிகச் சிறிய உழைப்பில் சரிபார்த்துவிடலாம். ஆகவே கணக்கு முடிந்தது என்று கோப்புறையை அவசரமாகத் துடைக்காதீர்கள். சான்று ஏற்றப்பட்டதா என்று பாருங்கள்.

[திரை: சர்வர் அறை, ஒரே ஒரு பெட்டி சிவப்பில்]

இனி உண்மையான ஆபத்துக்கு வருவோம். ஆயிரக்கணக்கான வீடுகளில் பரவிக் கிடக்கும் கணிமைக்கு நடுவில் ஒரே ஒரு தரவுத்தளம் இருக்கிறது. யார் உறுப்பினர், எந்த வேலை எந்தக் கணினிக்குப் போனது, எது திரும்பியது, எந்த விடை ஒத்துப்போனது என்று அத்தனையும் அதில்தான். கல்யாண வீட்டில் மொய் நோட்டு தொலைந்த கதைதான் இது. பணம் பெட்டியில் இருக்கும். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

தரவுத்தளம் கெட்டு, மூன்று நாள் பழைய பேக்கப்பை மீட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று நாளில் அனுப்பிய வேலைகள் பற்றி மீண்டெழுந்த சர்வருக்கு எதுவும் தெரியாது. கே.ஆர்.புரத்தில் ஒரு கல்லூரி மாணவியின் கணினி இரவெல்லாம் ஓடி விடையை அனுப்புகிறது. "இப்படி ஒரு வேலை என் பட்டியலிலேயே இல்லையே" என்று சர்வர் ஒதுக்கிவிடுகிறது. முடித்த வேலைகளுக்காகத் திட்டம் அவருக்குத் தரும் மதிப்பெண்ணும் மூன்று நாள் பின்னுக்குப் போகிறது. மதிப்பெண்ணால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காதுதான். ஆனால் தன் மின்சாரத்தைத் தானமாகக் கொடுத்தவருக்குத் திட்டம் திருப்பித் தருவது அது ஒன்றுதான். அதைக் காப்பது நன்றியின் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன்.

"எங்கள் சர்வரில் ரெய்டு இருக்கிறது" என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். தரவைப் பல வட்டுகளில் சேர்த்து எழுதிவைக்கும் ஏற்பாடு அது. ஒரு வட்டு செத்தால் ரெய்டு காப்பாற்றும். தவறான அழிப்புக் கட்டளையை எல்லா வட்டுகளிலும் விசுவாசமாக நிறைவேற்றவும் செய்யும். உடனுக்குடன் நகலாகும் இரண்டாவது தரவுத்தளமும் அப்படியே. இங்கே அழித்தது சில விநாடிகளில் அங்கேயும் அழியும்.

[திரை: 2017 ஜனவரி 31]

இதற்கு வெளிப்படையான பாடம் கிட்லாப் நிறுவனத்தில் கிடைத்தது. அது தன்னார்வக் கணிமை இல்லை. நிரல்களைச் சேமிக்கும் சேவை. இரண்டாம் நிலை சர்வரில் அழிக்க நினைத்த கோப்புறையை ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. அன்றாடம் எடுத்ததாக நம்பிய பேக்கப், மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் தோல்வியடைந்து கொண்டிருந்தது. அந்தத் தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. எல்லாவற்றையும் பொதுவெளியில் எழுதினார்கள். மீட்பு வேலையை நேரலையாகவும் காட்டினார்கள். அந்த நேர்மையை மனமாரப் பாராட்டுகிறேன்.

இங்கும் ஒரு மின்னஞ்சல் வராமல் போனதைக் கவனித்தீர்களா? பேக்கப் தோற்றால் மட்டும் தகவல் அனுப்பும் ஏற்பாடு போதாது. வெற்றி பெற்றாலும் தகவல் வர வேண்டும். ஒருநாள் வராவிட்டால் ஒரு மனிதர் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். பேக்கப்பை வேறொரு கணினியில் அவ்வப்போது மீட்டுப் பார்க்கவும் வேண்டும்.

செட்டி அட் ஹோம் இதை ஒழுங்காகச் செய்தது. செவ்வாய்க்கிழமைதோறும் சில மணி நேரம் சேவையை நிறுத்தித் தரவுத்தளத்தைப் பேக்கப் எடுத்து, ஒழுங்குபடுத்தி, மீண்டும் திறப்பார்கள். வேலை கிடைக்கவில்லை என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமைகள்தான் திட்டத்தை 2020 மார்ச் 31 வரை வேலை அனுப்ப வைத்தன என்று நான் நம்புகிறேன்.

[திரை: அரெசிபோ தொலைநோக்கியின் பெரிய கிண்ணம்]

இன்னும் ஆழமான அடுக்கு ஒன்று இருக்கிறது: மூலத் தரவு. செட்டியின் மூலத் தரவு, புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியில் 35 ஜிபி காந்த நாடாக்களில் பதிவாகி, தபாலில் கலிபோர்னியாவின் பெர்க்லி வந்து சேர்ந்தது. அங்கேதான் சின்னச் சின்ன வேலைகளாக வெட்டி நமக்கு அனுப்பினார்கள். நாம் போட்ட கணக்கு தொலைந்தால் மீண்டும் போட்டுக்கொள்ளலாம், நாடா இருக்கும்வரை. 2020 டிசம்பர் 1 அன்று, மேலே தொங்கிய சுமார் 900 டன் எடையுள்ள மேடை அறுந்து 305 மீட்டர் கிண்ணத்தின் மீது விழுந்து, அரெசிபோ நொறுங்கியது. 1999-இல் அது கேட்ட வானத்தை இனி எந்தக் கருவியாலும் கேட்க முடியாது.

ஆகவே ஒரு திட்டத்தை நடத்துபவரிடம் நான் கேட்பது இந்த வரிசை. மூலத் தரவுக்கு வேறு வேறு ஊர்களில் பிரதிகள். சரிபார்த்து முடிந்த விடைகளுக்கும் அப்படியே. தரவுத்தளத்துக்குத் தினசரி நகல். ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள் கடைசியில். அவை போனால் போகட்டும், நாங்கள் மறுபடி போட்டுத் தருகிறோம்.

[திரை: மடிக்கணினி, அடையாள அட்டை]

தன்னார்வலராக நீங்கள் காக்க வேண்டியது கணக்கை அல்ல, உங்கள் உறுப்பினர் அடையாளத்தை. நம் ஊரில் வேலை மாறுவது சகஜம். அலுவலக மின்னஞ்சலில் பதிவு செய்தவர்கள் வேலையை விட்டதும் கடவுச்சொல்லை மீட்க வழியின்றி நிற்கிறார்கள். சொந்த மின்னஞ்சலையே கொடுங்கள். எல்லாத் திட்டங்களிலும் ஒரே முகவரியாக இருந்தால் மதிப்பெண்களும் ஒன்றாகக் கோக்கப்படும். பாயிங்கில் உங்கள் உறுப்பினர் அடையாளத்தைக் காட்டும் சாவியை (அக்கவுன்ட் கீ) எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

அலுவலக மடிக்கணினியில் அனுமதி இல்லாமல் இவற்றை ஓட்டவே கூடாது. அனுமதியோடு ஓட்டியிருந்தால், திருப்பிக் கொடுப்பதற்குச் சில நாட்கள் முன்பே "புதிய வேலை வேண்டாம்" என்ற தெரிவை அழுத்துங்கள். கையில் இருப்பது முடியட்டும். எல்லா விடைகளும் சர்வருக்குப் போய்ப் பட்டியல் காலியானதும் திட்டத்திலிருந்து விலகுங்கள். முடிக்க நேரமில்லையென்றால் வேலையைக் கைவிடும் பொத்தானை அழுத்துங்கள். கெடு முடியும்வரை காத்திராமல் சர்வர் உடனே அதை இன்னொருவருக்கு அனுப்பிவிடும்.