பதற்றத்தைத் தணிக்கும் மூலிகைகள்: சோதனையில் தேறியவை எவை?

[திரையில்: ஒரே மாதிரி இரண்டு மாத்திரைகள்]

வணக்கம். பதற்றம் ஒரே நிலையில் நிற்காது. தானாக ஏறும், இறங்கும். மருந்தே இல்லாத போலி மாத்திரையைக் கொடுத்தாலும் பலருக்குக் குறையும். அதனால் ஒரு மூலிகை நரம்புகளை அமைதிப்படுத்துகிறதா என்று தெரிய, அதைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

[திரையில்: அமுக்கரா வேர்]

அமுக்கராவை, அதாவது அஸ்வகந்தாவை, எடுத்துக்கொள்வோம். 2012-இல் இந்தியாவில் வெளியான சோதனையில் நாள்பட்ட மன அழுத்தம் உள்ள 64 பேர். ஒரு குழுவுக்கு 300 மில்லிகிராம் வேர்ச்சாறு, தினம் இரண்டு வேளை, 60 நாள். மற்றவர்களுக்குப் போலி. வேர்ச்சாறு எடுத்தவர்களுக்கு அழுத்தமும் குறைந்தது, ரத்தத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் சுமார் 28 சதவீதம் இறங்கியது. நல்ல சேதிதான். ஆனால் 64 பேர், இரண்டே மாதம். சோதித்ததும் செறிவூட்டிய சாறு. இடித்த பொடிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

[திரையில்: கெமோமில் பூ]

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு கெமோமில் பற்றியது, 2016-இல் வந்தது. தினம் 1,500 மில்லிகிராம், 12 வாரம். குணம் தெரிந்த 93 பேரை மட்டும் பிரித்து, பாதிப் பேரைச் சத்தமில்லாமல் போலிக்கு மாற்றினார்கள். நிறுத்தினால் பதற்றம் திரும்புமா? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி, பலரும் கேட்பதில்லை. கெமோமிலைத் தொடர்ந்தவர்களில் 7 பேருக்குத் திரும்பியது, போலிக்கு மாறியவர்களில் 12 பேருக்கு. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். ஆனாலும் தொடர்ந்தவர்களுக்கு அறிகுறிகள் குறைவாகவே இருந்தன.

லாவெண்டர் எண்ணெய் மாத்திரை 2010-இல் வந்த ஒரு சோதனையில் லொராசெபாம் என்ற பதற்ற மருந்துக்கு ஈடுகொடுத்தது. ஆனால் அந்த லொராசெபாம் வெறும் அரை மில்லிகிராம், போலிக் குழுவும் இல்லை. பிறகு போலியோடு ஒப்பிட்ட சோதனைகளிலும் தேறியதால்தான் அதை நம்புகிறேன். வலேரியன் என்ற மூலிகை வேர்? தூக்கமின்மைக்கு வேண்டாம் என்று 2017-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பே சொல்லிவிட்டது.

[திரையில்: கல்லீரல் படம்]

காவா என்ற பசிபிக் தீவு மூலிகை பதற்றத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் கல்லீரல் பாதிப்பு புகார்களால் 2002-இல் ஜெர்மனி அதைத் தடை செய்தது. பின்னர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது, ஆனால் 2019-இல் மறுபடியும் அனுமதி ரத்தானது. அமுக்கராவிலும் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. தைராய்டு மருந்தோ தூக்க மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் மூலிகையின் பெயரையும் அளவையும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர் நிறமானாலோ உடனே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.