அரைப்பேர் வாங்கும் பரிந்துரைகள்

நேயர்களுக்கு வணக்கம். உள்ளகக் கணக்காய்வு, அதாவது ஒரு நிறுவனம் தன் கணக்கையும் வேலையையும் தானே சரிபார்ப்பது பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டதும் கொஞ்சம் தயங்கினேன். காலையில் இதைக் கேட்டால் யாராக இருந்தாலும் வேறு அலைவரிசைக்குத் திருப்பிவிடுவார்களே! அப்புறம் தெருவிளக்கில் இருந்து தொடங்கலாம் என்று தோன்றியது. பொழுது சாயுமுன்பே பனிமூட்டம் இறங்கும் ஊர்கள் நம்முடையவை. எந்த வளைவில் விளக்கு எரியவில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பல வருடங்களுக்கு முன், மத்திய மாகாணத்தில் ஓர் உள்ளூராட்சி சபை. பெயர் வேண்டாம். கணக்காய்வுக்குப் போய், களஞ்சியத்தில் தெருவிளக்குப் பல்ப் கணக்குப் பார்த்தேன். இருப்பு அட்டையின்படி பெட்டி பெட்டியாக வெளியே போயிருக்கிறது. எந்தக் கம்பத்தில் மாட்டினார்கள் என்பதற்கு ஒரு வரி எழுத்து இல்லை. எரிந்துபோன பழைய பல்ப் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. என் பரிந்துரை எளிமையானது: பழையதைக் கொடுத்தால்தான் புதியது, கம்பத்தின் எண்ணை எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. "சம்பந்தப்பட்ட உத்தியோகத்தருக்குப் பணிப்புரை வழங்கப்பட்டுள்ளது." நானும் கோப்பில் டிக் போட்டு மூடிவிட்டேன்.

அடுத்த வருடம் போனால் அதே அட்டை, அதே கதை. களஞ்சியப் பொறுப்பாளரிடம் கேட்டேன். "எந்தப் பணிப்புரை சேர்?" என்றார். கடிதம் அவருடைய மேசை லாச்சியில்தான் இருந்தது, சிங்களத்தில். அவருக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது. "இதுவா சேர்? இடமாற்றக் கடிதமோன்னு பயந்து உள்ள வச்சிட்டேன்" என்றார். சிரிப்பு வந்தது. ஆனால் தவறு அவருடையது மட்டுமா? கடிதம் போனதைப் பார்த்தேனே தவிர, வேலை நடந்ததா என்று நான் பார்க்கவில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொழுந்து பறித்துவிட்டேன் என்று வாயால் சொன்னால் கணக்கப்பிள்ளை பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போடுவாரா? கூடை தராசுக்கு வர வேண்டும். கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். அலுவலகத்தில் மட்டும் 'பணிப்புரை வழங்கப்பட்டுள்ளது' என்ற ஒரு வரிக்கு முழுப்பேர் போட்டுவிடுகிறோம்.

சட்டத்தில் குறையில்லை. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், உள்ளகக் கணக்காய்வாளர் இருக்க வேண்டும் என்கிறது. கணக்காய்வு மற்றும் முகாமைத்துவக் குழு வேண்டும் என்கிறது. உள்ளக அறிக்கையின் பிரதி, அரச கணக்குகளைச் சரிபார்க்கும் கணக்காய்வாளர் நாயகத்துக்கும் போக வேண்டும் என்கிறது. ஆனால் அந்தக் குழுவின் கூட்ட நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். பழைய பரிந்துரைகள் கடைசி விடயமாக இருக்கும். அந்த நேரத்தில்தான் ரோல்ஸும் தேநீரும் உள்ளே வரும். அதை முதல் விடயமாக்கினால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் அபிப்பிராயம்.

மற்றப் பாதிக்கு ஒரு பதிவேடு போதும். கணினி வேண்டும் என்றுகூட இல்லை, சிஆர் கொப்பி ஒன்று இருந்தாலே சரி. குறை என்ன, யார் செய்ய வேண்டும், எந்தத் திகதிக்குள் என்று எழுத வேண்டும். 'யார்' என்ற இடத்தில் ஆளின் பெயரை எழுதாதீர்கள், பதவியை எழுதுங்கள். ஆள் இடமாற்றம் வாங்கிப் போய்விடுவார், கதிரை அங்கேயே இருக்கும். கடைசியாக ஒரு நிரல் வேண்டும்: என்ன கண்டு இதை முடித்தோம்? அங்கே 'கடிதம் பார்த்தேன்' என்று எழுத வெட்கமாக இருக்க வேண்டும். 'சந்தைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் வங்கி வைப்புச் சீட்டையும் நாள் வாரியாக ஒப்பிட்டேன்' என்று எழுதினால் அது முடிவு.

எங்கள் பக்கக் குறையையும் சொல்லிவிட வேண்டும். 'உள்ளகக் கட்டுப்பாட்டை வலுப்படுத்தவும்' என்று எழுதிவிட்டுப் போகிறோம். காசாளர் நாளைக் காலை வந்து எதை வலுப்படுத்துவார்? 'அன்றைய வசூலை மறுநாள் வங்கியில் இடவும்' என்று எழுதினால்தான் போய்ப் பார்க்கவும் ஏதாவது இருக்கும். அதையும் செய்ய வேண்டியவருக்குத் தெரிந்த மொழியில் எழுத வேண்டும்.

சில பரிந்துரைகளைச் செய்யவே முடியாது. ஆள் இல்லை, காசு இல்லை. அப்போது, இந்த ஆபத்து இருக்கிறது, தெரிந்தே ஏற்கிறோம் என்று பொறுப்பானவர் எழுதிக் கையொப்பம் வைக்கட்டும். பேனாவைக் கையில் கொடுத்ததும் காசு கிடைத்துவிடுவதை நான் இரண்டொரு தடவை பார்த்திருக்கிறேன்.

நம் நுவரெலியா மாவட்டத்துக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. நுவரெலியா, அம்பகமுவ என்று இருந்த இரண்டு பிரதேச சபைகள் 2018 தேர்தலோடு ஆறாகின. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை புதிதாக வந்தன. சபையைப் பிரித்தால் வாகனம் பிரியும், ஊழியர் பிரிவர். பழைய பரிந்துரை யாருக்கு? அதை யாரும் பங்கு கேட்பதில்லை. பிறகு 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தது. 2025 மே 6இல்தான் அடுத்த தேர்தல். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல், சபையில் எழுந்து கேள்வி கேட்கத் தெரிவான உறுப்பினரே இல்லை. இப்போது இருக்கிறார்கள். உறுப்பினர்களே, வீதிக்குக் கொங்கிரீட் போடச் சொல்லிக் கேட்பதோடு, முடிக்காத பரிந்துரைகளின் பட்டியலையும் செயலாளரிடம் கேளுங்கள்.

நேயர்களும் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

அந்தப் பல்ப் கணக்கு? மூன்றாம் தடவை போனபோது களஞ்சிய மூலையில் ஓர் அரிசிச் சாக்கு நிறைய எரிந்த பல்ப் இருந்தது. அட்டையில் கம்ப எண்களும் இருந்தன, தமிழில் குறிப்போடு. ஏதோ பத்து எண்களைக் குறித்துக்கொண்டு, மாலையில் மின் வேலை பார்க்கும் தம்பியோடு டோர்ச்சும் குடையுமாக நடந்தேன். ஏழு எரிந்தன. ஒன்று எரியவில்லை. மற்ற இரண்டு எண்களிலும் கம்பமே இல்லை. தம்பி என் முகத்தைப் பார்த்தார். ஏழுக்கு மட்டும் டிக் போட்டேன். மிச்சம் மூன்றையும் அடுத்த காலாண்டுப் பக்கத்தில் எழுதிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

வணக்கம்.