2,500 பவுண்டு உச்சவரம்புன்னு சொன்னாங்க, பில் 3,400 வந்தது எப்படி? பிரதமரை ஏன் கட்சிக்காரங்க மட்டும் தேர்ந்தெடுத்தாங்க?

வணக்கம். முதல்ல கேள்வியை வாசிச்சுடுறேன். "2022-ல பிரிட்டன்ல கேஸ், கரண்ட் விலை ஏறிக்கிட்டே இருந்தப்ப, ஆளுங்கட்சி ரெண்டு மாசம் உட்கார்ந்து தலைவரைத் தேடிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு ஏன் அவ்வளவு நாள்? பொதுமக்களுக்கு ஏன் ஓட்டு இல்ல? கடைசியில 2,500 பவுண்டுக்கு மேல யாருக்கும் பில் வராதுன்னு சொன்னாங்களே, எங்க உறவுக்காரங்களுக்கு 3,400-க்கு மேல வந்துச்சே, அது எப்படி?"

கடைசிக் கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். அது புரிஞ்சாத்தான் அந்தத் தலைவர் தேர்தல்ல எதைப் பேசினாங்க, எதைப் பேசாம விட்டாங்கன்னு தெரியும்.

பிரிட்டன்ல எரிசக்திக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 2019 ஜனவரியில வந்துச்சு. அதை நிர்ணயிக்கிறது ஆஃப்ஜெம் என்கிற ஒழுங்குமுறை அமைப்பு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூணுக்கும்தான் இது பொருந்தும். வடக்கு அயர்லாந்துக்கு ஏற்பாடு தனி. பேரு உச்சவரம்பா இருக்கிறதால மொத்த பில்லுக்கும் பூட்டுப் போட்ட மாதிரி தோணும். அப்படி இல்லைங்க. பூட்டு ரெண்டே இடத்துலதான்: ஒரு யூனிட்டோட விலை, எரிச்சாலும் எரிக்கலன்னாலும் தினமும் விழுற நிலைக் கட்டணமான ஸ்டாண்டிங் சார்ஜ். எத்தனை யூனிட் எரிக்கிறீங்களோ அத்தனைக்கும் காசு கட்டணும். செய்தியில வர்ற அந்தப் பெரிய எண், வருஷத்துக்கு 2,900 யூனிட் கரண்டும் 12,000 யூனிட் கேஸும் எரிக்கிற ஒரு சராசரி வீட்டுக்குப் போட்ட கணக்கு. அப்ப அதுதான் அளவுகோல்.

2022 அக்டோபர்ல ஆஃப்ஜெம் உச்சவரம்பு 2,500-ஐத் தாண்டிப் போனதால, அதுக்குக் கீழ அரசு தனியா ஒரு விலை உத்தரவாதம் வெச்சுது; கணக்கு முறை அதேதான். அதுல டைரக்ட் டெபிட்ல, அதாவது மாசாமாசம் வங்கிக் கணக்குல இருந்து தானாப் பிடிக்கிற முறையில, கட்டுறவங்களுக்கு சராசரியா கரண்ட் யூனிட்டுக்கு 34 பென்ஸ், கேஸ் யூனிட்டுக்கு 10.3 பென்ஸ். ஸ்டாண்டிங் சார்ஜ் தினமும் கரண்டுக்கு 46 பென்ஸ், கேஸுக்கு 28 பென்ஸ். சராசரி வீட்டுக்குப் போட்டுப் பாருங்க: கரண்ட் 986 பவுண்டு, கேஸ் 1,236 பவுண்டு, ஸ்டாண்டிங் சார்ஜ் ஏறக்குறைய 270. கூட்டினா 2,492. அந்த 2,500 இங்கிருந்துதான் வருது. இப்ப உங்க உறவுக்காரங்க வீடு மாதிரி கொஞ்சம் பெரிய வீடு, பழைய கட்டடம், வயசானவங்க பகல் முழுக்க வீட்டுல இருக்காங்கன்னு வைங்க. கரண்ட் 4,000 யூனிட், கேஸ் 18,000 யூனிட். அதே விலையில 1,360 கூட்டல் 1,854 கூட்டல் 270. மொத்தம் 3,484. யாரும் ஏமாத்தல, பில்லும் தப்பில்ல. பிரதமரா இருந்த லிஸ் ட்ரஸ் வானொலிப் பேட்டிகள்ல 2,500-க்கு மேல யாரும் கட்ட வேண்டியதில்லைங்கிற மாதிரி பேசினதுதான் தப்பு. அதை நம்பி ஹீட்டரைத் தாராளமா ஓட விட்டா என்ன ஆகும்? அந்தப் பேச்சு உடனே திருத்தப்பட வேண்டிய பேச்சு.

விலை மாறுற நாள்ல ஒரு வேலையைக் கண்டிப்பா செய்யணும். மீட்டரைப் படிச்சு, படம் எடுத்து வெச்சுக்கிட்டு, அன்னைக்கே கம்பெனிக்கு அனுப்பிடுங்க. அனுப்பலன்னா அவங்க உத்தேசமாப் பிரிப்பாங்க. பழைய விலையில எரிச்ச யூனிட் புது விலைக்குள்ள போயிடும். ஸ்மார்ட் மீட்டர் ஒழுங்கா ரீடிங் அனுப்பிக்கிட்டு இருந்தா இந்தப் பிரச்சினை இல்ல. பழைய கேஸ் மீட்டரா இருந்தா இன்னொண்ணையும் பாருங்க: அது கன அடியில ஓடுதா, கன மீட்டர்லயா? நூறு கன அடி கணக்குல ஓடுற மீட்டரை 2.83 ஆல பெருக்கித்தான் கன மீட்டராக்கணும். கம்பெனி பதிவுல மீட்டர் வகை மாறியிருந்தா பில் கிட்டத்தட்ட மூணு மடங்கு ஏறும், இல்ல மூணுல ஒரு பங்காக் குறையும். குறைஞ்சா சந்தோஷப்படாதீங்க, பின்னாடி பாக்கியா வந்து நிக்கும்.

சரி, தலைவர் தேர்தலுக்கு வருவோம். தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் விஷயம் தெரியும். உச்சவரம்பு 2021 அக்டோபர்ல 1,277 பவுண்டு. 2022 ஏப்ரல்ல 1,971. இதுக்குக் கொரோனாவுக்குப் பிறகு கேஸ் தேவை ஏறினது ஒரு காரணம். பிப்ரவரியில ரஷ்யா உக்ரைன் மேல படையெடுத்தது, இதுக்கு அடுத்து வந்த ஏற்றத்துக்குக் காரணம். பிரிட்டன் ரஷ்யாகிட்ட நேரா வாங்கின கேஸ் கொஞ்சம்தான். ஆனா ஐரோப்பியச் சந்தையில என்ன விலையோ அதுதான் அங்கேயும் விலை. கரண்டும் தப்பல, பெரும்பாலான நேரம் மின்சாரச் சந்தையில விலையை முடிவு பண்றது கேஸ்ல ஓடுற மின்நிலையங்கள்தான்.

ஜூலை 7-ம் தேதி அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் விலகுறேன்னு அறிவிச்சார். அங்க நாட்டு மக்கள் பிரதமருக்கு நேரா ஓட்டுப் போடுறதே இல்ல, எம்.பி.க்களுக்குத்தான் போடுறாங்க. நாடாளுமன்றத்துல யாருக்குப் பெரும்பான்மை இருக்கோ அவரை மன்னரோ ராணியோ பிரதமரா நியமிப்பாங்க. பெரும்பான்மைக் கட்சி தன் தலைவரை மாத்தினா பிரதமரும் மாறிடுவார், பொதுத் தேர்தல் தேவையில்ல. தலைவரை எப்படி மாத்துறதுங்கிறது அந்தக் கட்சியோட உள் விஷயம், நாட்டுச் சட்டம் இல்ல.

அப்ப ஆளுங்கட்சியா இருந்த கன்சர்வேடிவ் கட்சியில இதை நடத்துறது 1922 கமிட்டி, அதாவது மந்திரி பதவியில இல்லாத எம்.பி.க்களோட குழு. அப்ப தலைவர் கிரஹாம் பிரேடி. முதல் கட்டத்துல எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டுப் போட்டுக் கழிப்பாங்க. போட்டியில இறங்க 20 எம்.பி. ஆதரவு வேணும்னு வெச்சாங்க, முதல் சுற்றுல தாண்ட 30 ஓட்டு. ஜூலை 13-ல எட்டுப் பேர் நின்னாங்க. ஜூலை 20-ல ரெண்டு பேரா வந்து நின்னுச்சு. ரிஷி சுனக் 137, லிஸ் ட்ரஸ் 113. பெனி மார்டன்ட் 105 வாங்கி, எட்டே ஓட்டுல வெளியே போனார். இவ்வளவுக்கும் எடுத்தது ஒரே வாரம்.

மிச்ச ஆறு வாரம் எதுக்குன்னா, ரெண்டாவது கட்டம். கட்சி உறுப்பினர்களுக்கு ஓட்டுச் சீட்டு அனுப்பி, ஊர் ஊராக் கூட்டம் போட்டு, செப்டம்பர் 2 வரைக்கும் ஓட்டு வாங்கினாங்க. ஓட்டுரிமை இருந்தது 1,72,437 பேருக்கு. நாட்டு வாக்காளர்கள் நாலே முக்கால் கோடி; ஆயிரம் பேருக்கு நாலு பேர் கூட இல்ல. எல்லாத்தையும் விட என்னை உறுத்துறது இதுதான்: ஓட்டுச் சீட்டு ஆகஸ்ட் தொடக்கத்துலயே கிளம்பிடுச்சு. ஆஃப்ஜெம் அக்டோபர் உச்சவரம்பை அறிவிச்சது ஆகஸ்ட் 26. 1,971-ல இருந்து 3,549-க்குத் தாவின எண் அன்னைக்குத்தான் அதிகாரபூர்வமா வெளியே வந்துச்சு. அதுக்கு முன்னாடியே ஓட்டைப் போட்டு முடிச்சவங்களும் இருந்தாங்க.

அந்த ஏற்றம் 1,578 பவுண்டு. இதுக்கு எதிரா வேட்பாளர்கள் என்ன வெச்சாங்கன்னு கணக்குப் போடுங்க. ட்ரஸ், கையில உதவித்தொகை கொடுக்கிறதை விட வரியைக் குறைக்கிறதுதான் தன் வழின்னார். சம்பளத்துல பிடிக்கிற தேசியக் காப்பீட்டுல ஏப்ரல்ல ஏத்தின 1.25 சதவீதப் புள்ளியைத் திரும்ப எடுப்பேன்னார். விலக்கு வரம்பு 12,570 பவுண்டு. வருஷம் 50,000 சம்பாதிக்கிறவருக்கு மிச்சம் சுமார் 468 பவுண்டு. 20,000 சம்பாதிக்கிறவருக்கு 93. ஓய்வூதியத்துல மட்டும் வாழ்றவர் தேசியக் காப்பீடே கட்டுறதில்ல, அவருக்குப் பைசா இல்ல. குளிர்காலத்துல வீட்டைச் சூடா வெச்சே ஆகணும்னு இருக்கிறவர் அவர்தான்! சுனக் பங்குக்கு, வீட்டு எரிசக்தி மேல இருக்கிற 5 சதவீத வாட் வரியை ஒரு வருஷம் நீக்குறேன்னார். 3,549-க்குள்ள அந்த வரி 169 பவுண்டுதான்.

சுனக்குக்கு நியாயமாச் சொல்லணும்னா, நிதியமைச்சரா மே மாசமே அவர் ஒரு தொகுப்பு அறிவிச்சிருந்தார்: எல்லா வீட்டுக்கும் 400 பவுண்டு, வருமானம் பார்த்துக் கொடுக்கிற உதவித்தொகை வாங்குற குடும்பங்களுக்கு 650, ஓய்வூதியர் வீட்டுக்கு 300. எண்ணெய், எரிவாயு எடுக்கிற கம்பெனிகளோட லாபத்து மேல 25 சதவீதக் கூடுதல் வரியும் போட்டார். ஏழைகளுக்கும் ஓய்வூதியர்களுக்கும் இன்னும் கொடுப்பேன்னு பிரச்சாரத்துலயும் பேசினார். ஆனா அந்த 1,72,437 பேர்கிட்ட வரிக்குறைப்புக்கு இருந்த கைதட்டல் இதுக்குக் கிடைக்கல.

எதிர்க்கட்சித் தலைவர் கெய்ர் ஸ்டார்மர் ஆகஸ்ட் 15-ல, ஆறு மாசத்துக்கு 1,971-லயே நிறுத்துங்க, 29 பில்லியன் பவுண்டு ஆகும்னு திட்டம் வெச்சார். முன்னாள் பிரதமர் கார்டன் பிரவுன் உடனே அவசர பட்ஜெட் போடச் சொன்னார். ஜான்சன் தரப்பு சொன்ன பதில்: பெரிய நிதி முடிவெல்லாம் அடுத்த பிரதமர் எடுக்கட்டும். மரபுப்படி அது சரிதான். நாற்காலி காலியாகாமலே காலியா இருந்துச்சு.

இதுல ரொம்ப அடிபட்டது, முன்கூட்டியே காசு போட்டாத்தான் ஓடுற ப்ரீபேமெண்ட் மீட்டர் இருந்த வீடுகள். நாற்பது லட்சத்துக்கும் மேல. டைரக்ட் டெபிட்ல கட்டுறவங்களுக்குக் குளிர்காலச் செலவு பன்னிரண்டு மாசத்துக்கும் பரவிடும். இவங்க ஜனவரியில எரிக்கிறதுக்கு ஜனவரியிலயே டாப்-அப் போடணும். கோடையில ஹீட்டர் போடலன்னாலும் கேஸ் ஸ்டாண்டிங் சார்ஜ் சேர்ந்துக்கிட்டே இருக்கும். அப்போதைய கணக்குல தினம் 28 பென்ஸ் வீதம் 90 நாளுக்கு 25 பவுண்டு 20 பென்ஸ். முதல் குளிர் நாள்ல 20 பவுண்டை மீட்டர்ல போட்டா அது மொத்தத்தையும் விழுங்கிடும், அடுப்பு எரியாது. மீட்டர் கெட்டுப்போச்சுன்னு நினைச்சவங்க உண்டு. கெடல, பழைய பாக்கியை எடுத்துக்குது. கோடையிலயே வாரம் ரெண்டு பவுண்டு போட்டு வெச்சா இந்த அடி விழாது. அந்த 400 பவுண்டும் அக்டோபர், நவம்பர்ல 66, பிறகு நாலு மாசம் 67-ன்னு ஆறு தவணையாத்தான் வந்துச்சு. பழைய மாடல் ப்ரீபேமெண்ட் மீட்டர்னா வவுச்சரா வந்துச்சு. கடைக்கோ தபால் நிலையத்துக்கோ எடுத்துட்டுப் போய், 90 நாளுக்குள்ள மீட்டர் சாவியிலயோ கார்டுலயோ ஏத்த வேண்டியிருந்துச்சு. கடிதம் பழைய முகவரிக்குப் போனா, விளம்பரம்னு நினைச்சுக் கிழிச்சுப் போட்டா, போச்சு. கம்பெனிகிட்டக் கேட்டுப் புதுசா வாங்க வேண்டியிருந்துச்சு.

செப்டம்பர் 5-ல முடிவு: ட்ரஸ் 81,326, சுனக் 60,399. பதவியேற்ற மூணாவது நாளே, செப்டம்பர் 8-ல, சராசரி வீட்டுக்கு 2,500-ன்னு ரெண்டு வருஷத்துக்கு விலை உத்தரவாதம் அறிவிச்சார். உதவித்தொகை வேண்டாம்னு ஓட்டு வாங்கினவர், கம்பெனிகளுக்கு வித்தியாசத்தை அரசே கட்டுற, ரொம்பப் பெரிய உதவியை அறிவிக்க வேண்டியதாச்சு. அது தேவையான முடிவுன்னே நான் சொல்லுவேன். சிக்கல் அதுக்கு மேல அடுக்கினதுல. கேஸ் விலை எங்க போனாலும் கடன் வாங்கிக் கட்டுறேன்னு சொன்ன கையோட, செப்டம்பர் 23-ல நிதியமைச்சர் குவாசி குவார்டெங் சுமார் 45 பில்லியன் பவுண்டு வரிக்குறைப்பையும் அறிவிச்சார், அரசோட வரவு செலவைக் கணிக்கிற ஓ.பி.ஆர். என்கிற சுயேச்சை அமைப்போட மதிப்பீடு இல்லாம. கட்சிக்காரங்களுக்குக் கொடுத்த வாக்கு, நாட்டுக்குத் தேவைப்பட்ட செலவு, ரெண்டும் ஒரே கடன் சீட்டுல ஏறிடுச்சு. அரசுக் கடன் பத்திரங்களோட வட்டி எகிறி, ஓய்வூதிய நிதிகள் தடுமாறி, செப்டம்பர் 28-ல மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி பத்திரம் வாங்க இறங்க வேண்டியதாச்சு. குவார்டெங் அக்டோபர் 14-ல நீக்கப்பட்டார். புதுசா வந்த ஜெர்மி ஹன்ட், 17-ம் தேதி வரிக்குறைப்புல பெரும்பாலானதைத் திரும்ப எடுத்தார், ரெண்டு வருஷ உத்தரவாதத்தை ஏப்ரல் வரைன்னு சுருக்கினார்.

ட்ரஸ் ஆட்சியைக் கடைசியா ஆட்டினதும் எரிசக்திதான். பாறையைப் பிளந்து கேஸ் எடுக்கிற முறைக்கு இருந்த தடையை ட்ரஸ் நீக்கியிருந்தார். 2019 தேர்தல் அறிக்கையில அவங்க கட்சியே அந்தத் தடையை ஆதரிச்சிருந்துச்சு. அக்டோபர் 19-ல எதிர்க்கட்சியான லேபர் அது மேல ஒரு தீர்மானம் கொண்டு வந்துச்சு. இதை நம்பிக்கை ஓட்டா எடுத்துக்கணும்னு காலையில அரசு தன் எம்.பி.க்களுக்கு உத்தரவு போட்டுச்சு, ஓட்டெடுப்புக்குக் கொஞ்சம் முன்னாடி மந்திரி ஒருத்தர் அவையில எழுந்து, இது நம்பிக்கை ஓட்டு இல்லைன்னார். 326-க்கு 230-ன்னு அரசு ஜெயிச்சுது, கட்சி கலைஞ்சுது. புதுத் தலைவருக்கு முதல் வருஷம் நம்பிக்கை ஓட்டெடுப்பு வராதுன்னு விதி இருக்கு. அந்த விதி ட்ரஸைக் காப்பாத்தல. மறுநாளே விலகினார்.

ரெண்டு மாசம் ஏன்னு கேட்டீங்களே, அதுக்குப் பதில் இந்த இடத்துலதான் இருக்கு. அக்டோபர்ல அதே 1922 கமிட்டி, போட்டியில இறங்க 100 எம்.பி. ஆதரவு வேணும்னு வரம்பை ஏத்துச்சு. இருந்த எம்.பி.க்கள் 360 பேருக்கும் குறைவு, அதனால மூணு பேருக்கு மேல நிக்கவே முடியாது. ரெண்டு பேர் மிஞ்சினா உறுப்பினர்கள் ஆன்லைன்ல ஓட்டுப் போடுவாங்க, எப்படியும் 28-ம் தேதிக்குள்ள முடியும்னாங்க. ஜான்சன் ஒதுங்கினார், மார்டன்ட் 24-ம் தேதி விலகினார், சுனக் மட்டும் மிஞ்சினார். நாலு நாள். ஜூலையிலயும் இப்படிச் சுருக்கியிருக்கலாம். தடுத்த சட்டம் எதுவும் இல்ல.

உத்தரவாதம் அப்புறம் 2023 ஜூன் வரை 2,500-லயே நீட்டிக்கப்பட்டுச்சு. ஜூலையில உச்சவரம்பு 2,074-க்கு இறங்கினதால பெரும்பாலானவங்களுக்கு அது தேவைப்படாமப் போச்சு. அந்த 2,074-ம், 2021 அக்டோபர்ல இருந்த 1,277-ஐ விட 797 பவுண்டு அதிகம்.