குழந்தைக்கு மொசார்ட் போட்டால் மூளை வளருமா? அந்தப் பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டாவது பியானோ!

[திரையில்: தொட்டில், பக்கத்தில் புளூடூத் ஸ்பீக்கர்]

வணக்கமுங்க! "மாசமாக இருக்கும்போது மொசார்ட் கேட்டால் பிள்ளை கணக்கில் புலியாகும்" என்று உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். மொசார்ட் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை மேதை. எங்கள் குடும்ப குரூப்பில் ஒரு பெரியம்மா இதற்கென்றே இருக்கிறார். கதை எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால், 1993இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஒரு பக்கக் கட்டுரையில் போய் நிற்கிறது. சோதனைக்கு உட்கார்ந்தவர்கள் 36 பேர். அத்தனை பேரும் கல்லூரி மாணவர்கள். ஒரு கைக்குழந்தைகூட அதில் கிடையாது! பத்து நிமிடம் மொசார்ட் இசை கேட்டார்கள். அப்புறம் காகிதத்தை மடித்து வெட்டினால் விரிக்கும்போது எப்படி இருக்கும் என்பது மாதிரிப் புதிர்கள் போட்டார்கள். வழக்கத்தைவிட நன்றாகவே போட்டார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்தப் பலன் கரைந்துவிட்டது. சங்கதி அவ்வளவுதான். ஆனால் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத் தட்டு கொடுக்க 1,05,000 டாலர் வேண்டும் என்று பட்ஜெட்டிலேயே கேட்டுவிட்டார். பெரியம்மாவை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய?

மூளையை இங்கேயே விடுவோம். அந்த 36 பேருக்கும் போட்டுக் காட்டிய பாட்டு எது? மொசார்ட் 1781இல் எழுதிய டி மேஜர் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட கருவியிசை உருப்படி); மொசார்ட் படைப்புப் பட்டியலில் அதன் எண் கே. 448. அதை ஒருத்தர் தனியாக வாசிக்க முடியாது. இரண்டு பியானோ, இரண்டு பேர், நான்கு கை வேண்டும். கூட வாசிக்க மொசார்ட் சேர்த்துக்கொண்டது தன் மாணவி ஜோசபா அவுர்ன்ஹாமரை. அந்தப் பெண்ணின் தோற்றத்தை அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் கேவலமாகக் கிண்டல் செய்த அதே ஆள், வாசிப்பை மட்டும் வாயாரப் புகழ்ந்திருக்கிறார். மேதைதான், ஆனால் வாய் கொஞ்சம் அதிகம்.

வரலாறு ரொம்ப வேண்டாம், வேகமாகப் போய்விடலாம். 1700 வாக்கில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தில் கிறிஸ்டோஃபோரி பியானோவைச் செய்தார். ரேடியோவும் ரெக்கார்டும் இல்லாத காலத்தில், பெரிய ஆர்கெஸ்ட்ரா இசையை வீட்டில் கேட்க அதைப் பியானோவுக்கு மாற்றி எழுதினார்கள். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை லிஸ்ட் என்ற பியானோ மேதை இரண்டு பியானோவுக்கு மாற்றியதும் அப்படித்தான். முடிந்தது வரலாறு.

[திரையில்: மேடையை மேலிருந்து பார்க்கும் படம்]

இப்போது மேடையைப் பாருங்க. கிராண்ட் பியானோவின் ஒரு பக்கம் இடுப்பு மாதிரி உள்வாங்கி இருக்கும். ஒன்றின் வளைவுக்குள் இன்னொன்றைப் பொருத்தி, இரண்டு பேரையும் எதிரும் புதிருமாக உட்கார வைப்பார்கள். கச்சேரிக்கு வைக்கும் பியானோ ஒவ்வொன்றும் ஒன்பது அடி நீளம், ஏறத்தாழ 480 கிலோ. மேடையில் ஒரு டன் சரக்கு நிற்கிறது! ஆனால் ஒரு பியானோவுக்கு மேல்மூடியே இருக்காது. ஏன்?

மூடி எப்போதும் வாசிப்பவரின் வலது பக்கம்தான் திறக்கும். நமக்கு இடப்பக்கம் இருப்பவரின் வலது கை நம்மைப் பார்த்திருக்கிறது. மூடி திறந்தால் சத்தம் நேராக நம்மிடம் வரும். எதிரே இருப்பவரின் வலது கை பின்சுவரைப் பார்த்திருக்கிறது. அவர் மூடியைத் திறந்தால் பாட்டு சுவருக்குப் போய்விடும், நமக்கு மூடியின் முதுகுதான் மிஞ்சும். அதனால் அந்த மூடியை அப்படியே கழற்றி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். இதைப் பார்த்து ஒரு பியானோ ரிப்பேர் என்று நினைத்தவர்கள் கமென்ட்டில் கை தூக்குங்க.

சரி, இந்த வீடியோ எடுத்ததே இனி வரும் பகுதிக்காகத்தான். ஓட்டிவிடாதீங்க.

கொங்கு நாட்டில் எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் இப்போது வள்ளி கும்மி இருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் ஐயாவுக்கு இந்தக் கலைக்காகவே 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அரங்கேற்றம் பார்த்திருப்பீர்கள்: ஒரே நிறச் சேலையில் பெண்கள் வட்டம் வட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து கைதட்டும்போது மைதானமே அதிரும். அதில் யாராவது ஒரு அம்மிணியின் கை ஒரு துளி பிந்தினால் உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. கூட்டம் அதை விழுங்கிவிடும். அதே கும்மியை இரண்டே பேர் அடிக்கட்டும். ஒரு கை பிந்தினாலும் "தட்" என்பது "த-தட்" ஆகிவிடும். ஒளிய இடமே இல்லை.

[திரையில்: நானும் எடிட்டர் தம்பியும் கைதட்டுகிறோம், மெதுவான வேகத்தில்]

இரண்டு பியானோக்காரர்களின் தலைவலி அச்சு அசல் இதுதான். பியானோவுக்குள் நடப்பதும் ஒரு தட்டுதான். கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி சுற்றிய ஒரு சின்னச் சுத்தியல் எகிறி, கம்பியை அடித்துவிட்டு உடனே விழுந்துவிடும். அடித்த பிறகு அந்தச் சத்தத்தை ஏற்றவோ வளைக்கவோ வழியில்லை. வயலினில் வில்லை மெல்ல வைத்து, பக்கத்தில் இருப்பவரின் ஓசைக்குள் நைசாக நுழைந்துகொள்ளலாம். இங்கே அந்தச் சலுகை கிடையாது. இருபது முப்பது மில்லிசெகண்ட் விலகினாலே பழகிய காது பிடித்துவிடும். ஒரு செகண்டை ஆயிரம் துண்டாக வெட்டி, அதில் முப்பது துண்டு! இத்தனைக்கும் இவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவில்லை. நடுவே பத்தடிக்கு மேல் இருக்கிறது. ஒலி அதைக் கடக்கவே ஏறக்குறைய பத்து மில்லிசெகண்ட் ஆகும். எதிராளியின் சத்தத்தைக் கேட்டுவிட்டு அடிக்கலாம் என்று காத்திருந்தால் வண்டி போயே போய்விடும். அதனால் மூச்சைப் பார்க்கிறார்கள். ஒருத்தர் மூச்சை இழுக்கும் வேகத்திலேயே அடுத்த அடி எப்போது, எவ்வளவு பலமாக என்பது மற்றவருக்குத் தெரிந்துவிடும். அக்கா தங்கை, அண்ணன் தம்பி, கணவன் மனைவி ஜோடிகள் இந்தத் துறையில் நிறைய இருப்பதற்கு இதுவும் காரணம் என்பது என் கட்சி. பிரான்சின் லபெக் சகோதரிகள், நெதர்லாந்தின் யூசன் சகோதரர்கள் என்று பட்டியல் நீளும். துருக்கியின் பெக்கினெல் இரட்டைச் சகோதரிகளோ ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டே வாசிப்பார்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

இப்போது இதையே தலைகீழாகத் திருப்பிய ஒரு ஆளைப் பார்ப்போம். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ். 1967இல் 'பியானோ ஃபேஸ்' எழுதினார். இரண்டு பேரும் ஒரே பன்னிரண்டு சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். ஒருத்தர் வேகத்தை மாற்றவே கூடாது. இன்னொருத்தர் தலைமுடி அளவு தலைமுடி அளவாக முந்தி, சரியாக ஒரு சுரம் முன்னே போய் நிற்க வேண்டும். மறுபடி நகர வேண்டும். பன்னிரண்டு முறை நகர்ந்தால் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்துவிடுவார்கள். நடுவில் யாருமே வாசிக்காத மெட்டெல்லாம் உங்கள் காதுக்குள் முளைக்கும்! கூட அடிப்பதே கஷ்டம் என்றோமே, கணக்காக விலகுவது அதைவிடக் கஷ்டம். பக்கத்தில் ஒருத்தர் சீராக வாசிக்கும்போது நம் கை தன்னால் அவரோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

இன்னும் கேளுங்க. 1972இல் அதே ரைஷ் பியானோவையும் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு பேர் வெறும் கையைத் தட்டுவதற்கென்றே ஒரு உருப்படி எழுதினார். இங்கே மெல்ல நகரும் வேலை கிடையாது, ஒரே தாவல்தான். மூணு தட்டு, ஒரு இடைவெளி. ரெண்டு தட்டு, இடைவெளி. ஒரு தட்டு, இடைவெளி. ரெண்டு தட்டு, இடைவெளி. மொத்தம் பன்னிரண்டு எண்ணிக்கை. ஒருத்தர் அதையே விடாமல் தட்ட வேண்டும். மற்றவர் சில சுற்றுக்கு ஒருமுறை ஒரு எண்ணிக்கை தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் மறுபடி சேர வேண்டும். கும்மி ஆசிரியர்கள் யாராவது இதைப் பார்த்தால் தயவுசெய்து உங்கள் பிள்ளைகளில் இரண்டு பேரைத் தட்டவைத்து வீடியோ அனுப்புங்க. வெள்ளைக்காரர்களைவிட நம் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துவிடுவார்கள் என்று நான் பந்தயமே கட்டுவேன். அப்படியே சப்ஸ்கிரைபும் தட்டிவிடுங்க.

[திரையில்: பழைய வார்சா நகரம்]

கடைசியாக ஒரு போர்க்காலக் கதை. போலந்தை ஜெர்மானியர்கள் பிடித்து வைத்திருந்த காலம். வார்சாவில் கச்சேரி அரங்குகள் மூடிக் கிடந்தன, போலந்துக்காரர்கள் இசை கேட்கக் காபிக் கடைதான் கதி. அங்கே லூட்டோஸ்லாவ்ஸ்கி, பனுஃப்னிக் என்ற இரண்டு இளைஞர்கள் இரண்டு பியானோவில் வாசித்துப் பிழைத்தார்கள். அதற்காகவே பாக் தொடங்கிப் பலருடைய இசையைச் சுமார் 200 உருப்படிகளாக மாற்றி எழுதினார்கள். 1944இல் ஜெர்மானியர்களை எதிர்த்து வார்சா எழுச்சி. நகரம் எரிந்தது. எழுதியதெல்லாம் போனது. முந்தியே ஊரைவிட்டுக் கிளம்பிய லூட்டோஸ்லாவ்ஸ்கி கையோடு எடுத்துப் போன சில தாள்களில் ஒன்று மட்டும் இன்று மேடையில் இருக்கிறது: 1941இல் எழுதிய பாகனினி வேரியேஷன்ஸ், அதாவது வயலின் மேதை பாகனினியின் ஒரு மெட்டை விதவிதமாக மாற்றிய உருப்படி. ஐந்தாறு நிமிடம்தான் வரும். எனக்கு அதில் பிடித்ததே அதன் திமிர்தான். வெளியே துப்பாக்கியோடு நிற்கிறார்கள், உள்ளே இவர்கள் ஒருத்தர் விட்டதை ஒருத்தர் பிடித்து விளையாடுகிறார்கள். பின்னாளில் இரண்டு பேருமே பெரிய இசையமைப்பாளர்கள் ஆனார்கள்.

பிராம்ஸ், ரக்மானினாஃப், பார்டோக், மெஸ்ஸியான் எல்லாரும் இரண்டு பியானோவுக்கு எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தனி வீடியோ போடுகிறேன்.

புதிதாகக் கேட்பவர்கள் நேராகப் பாகனினியில் தொடங்குங்க, மொசார்ட் அப்புறம். ஹெட்போன் கட்டாயம். பல பதிவுகளில் ஒரு பியானோ இடது காதிலும் மற்றது வலது காதிலும் வரும், யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று தெளிவாகத் தெரியும். கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் பிள்ளைகளைக் கீபோர்டு வகுப்புக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு யோசனை: வகுப்புத் தோழனைக் கீபோர்டோடு வீட்டுக்கு வரச் சொல்லி, ஒரே பாட்டை இரண்டு பேரையும் சேர்ந்து வாசிக்க விடுங்க. முதல் பத்து நிமிடம் சண்டைதான் நடக்கும். அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்று கமென்ட்டில் எழுதுங்க.